உதயகிரிக் கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம்

ஜூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. நமக்குத் திருமறையைக் கொண்டுவந்து தந்தவர்களை நினைக்கும்போது, ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், நம் ஆவூரில் பணிபுரிந்த வீரமாமுனிவரும் முதலில் நம் நினைவுக்கு வருகிறார்கள். அது முறையே. ஆயினும் தமிழ் மண்ணில் விசுவாசம் வேரூன்றியது குருக்களின் உழைப்பால் மட்டும் அன்று. வேதியர்களும், உபதேசியார்களும், வியாபாரிகளும், போர்ச்சேவகர்களும் தங்கள் தங்கள் நிலையிலிருந்து அதற்குத் துணை நின்றார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் நிலைத்துவிட்ட ஒரு போர்வீரரையும், அவர் மனைவி மக்களையும், அவர் வாயிலாக வேதத்துக்கு வந்த ஒரு நண்பரையும் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். அந்தப் போர்வீரர் யூஸ்டேசியஸ் பெனடிக்டஸ் டிலனாய். அவருடைய கல்லறை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

புதுக்கோட்டைக்கும் உதயகிரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அதைச் சொல்லிவிட்டுக் கதைக்குள் செல்வோம்.

அக்காலத்துத் தமிழகம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் புதுக்கோட்டைச் சீமையை ஆண்டவர் விசய ரகுநாத ராயத் தொண்டைமான். 1730 முதல் 1769 வரை அவருடைய ஆட்சி நடந்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் அவர் உற்ற துணைவர். திருச்சிராப்பள்ளியைப் பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் முற்றுகையிட்ட நாட்களில், முற்றுகைக்குள்ளானவர்களுக்குத் தானியமும் மாடுகளும் தொண்டைமான் சீமையிலிருந்து போயின என்பது சரித்திரம் படித்தவர்கள் அறிந்த செய்தி.

அதே காலத்தில் தெற்கே திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. 1729 முதல் 1758 வரை ஆண்ட அவர், சிறிய நாடாக இருந்த வேணாட்டைக் கொச்சி எல்லை வரை விரித்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அவருடைய நாட்டின் தென்பகுதி. பத்மநாபபுரம் அவருடைய தலைநகர்.

இவ்விரு நாடுகளிலும் திருமறைப் பணி செய்தவர்கள் சேசு சபைக் குருக்கள். நம் பகுதியின் தாய்ப்பங்கான ஆவூரைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய தந்தை பூஷே மதுரை மிஷனைச் சேர்ந்தவர். தெற்கே வடக்கன்குளத்தில் மந்தையை மேய்த்தவர்களும், ஆவூரில் மேய்த்தவர்களும் ஒரே மலபார் மாகாணத்துச் சேசு சபைத் துறவிகள். ஒரே தலைவர்களுக்குக் கீழ்ப்படிந்தவர்கள். ஆவூரில் புதிய ஆலயம் எழுந்தது 1747-இல். வடக்கன்குளத்தில் நாம் சொல்லப்போகும் ஞானஸ்நானம் நடந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1745-இல். ஆக, இது தொலைவில் உள்ள யாரோ ஒருவருடைய கதை அன்று. நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற அதே நாட்களில், அதே சபைக் குருக்களின் கையால், தமிழகத்தின் மறு கோடியில் நடந்த கதை.

ஆராஸ் நகரத்து இளைஞர்

டிலனாய் 1715-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் ஆராஸ் என்னும் ஊரில் பிறந்தவர். அவ்வூர் இன்று பிரான்சு நாட்டின் வடபகுதியில் உள்ளது. லனாய் என்பது பழைய பிளாந்தர்ஸ் நாட்டில் பேர்பெற்ற குடும்பப் பெயர். கத்தோலிக்கக் குடும்பப் பெயர். இளைஞரான அவர் பிழைப்பு நாடி, டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனியில் போர்வீரராகச் சேர்ந்து கடல் கடந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பெனி சீர்திருத்தச் சபையாரின் கம்பெனி. அதன் கொடி பறந்த இடங்களில் கத்தோலிக்கக் குருக்கள் வெளிப்படையாகப் பூசை வைக்க முடியாது. இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கர் பட்ட பாட்டை நாம் அறிவோம். கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் அங்கே சென்று, புத்த மதத்தவரான கண்டி அரசரின் நாட்டில் இடம்பெற்று, மறைந்திருந்த விசுவாசிகளைத் தேற்றிய புனித யோசேப் வாஸ் 1711-இல் கண்டியில் இறந்தார். அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிலை பெரிதும் மாறிவிடவில்லை. கத்தோலிக்கரான டிலனாய் உண்டது அத்தகைய கம்பெனியின் உப்பு.

குளச்சல் தோல்வி

தென்கேரளத்து மிளகு வியாபாரம் டச்சுக்காரருக்கு உயிர்நாடி. மார்த்தாண்ட வர்மா அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, மிளகு முழுவதையும் தம் கையில் கொண்டுவந்தபோது மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கிக் கடற்கரை ஊர்களைத் தாக்கியது. அப்படை குளச்சலில் அமைத்துக்கொண்ட அரணைத் திருவிதாங்கூர்ப் படை வளைத்தது. முற்றுகையின்போது அரணுக்குள் இருந்த வெடிமருந்து தீப்பற்றியது. உணவும் மருந்தும் இல்லாமல் 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டச்சுக்காரர் சரணடைந்தனர். ஐரோப்பியக் கடல் வல்லரசு ஒன்றை இந்திய அரசர் ஒருவர் இவ்வாறு முறியடித்தது அக்காலத்தில் அரிதான நிகழ்ச்சி. குளச்சலில் வெற்றித்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. சரணடைவைக் காட்டும் ஓவியத்தைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் காணலாம். மன்னர் முன்னே தலைவணங்கி நிற்கும் ஐரோப்பியர் டிலனாய் என்று சொல்வார்கள்.

அவரைக் ‘கடற்படைத் தளபதி’ என்றும் ‘டச்சுச் சேனாதிபதி’ என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. பிற்காலத்தில் அவர் அடைந்த பெருமையைக் கண்டு, அதை முற்காலத்துக்கும் ஏற்றி எழுதினார்கள் போலும். டச்சு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கூறுவது வேறு. குளச்சலில் படை நடத்தியவர் அவர் அல்லர். அவர் கீழ்நிலையில் இருந்த ஒரு வீரர். இதனால் அவருடைய பெருமை குறைந்துவிடாது, கூடவே செய்யும். இருபத்தாறு வயதில், பிறர் மொழி தெரியாத நாட்டில், எந்தப் பதவியும் இல்லாத போர்க்கைதியாக நின்ற ஒருவர், தம் திறமையால் மட்டுமே உயர்ந்தார் என்பது அதனால் தெளிவாகிறது.

கைதி கப்பித்தான் ஆனார்

மார்த்தாண்ட வர்மா மனிதரை எடைபோடத் தெரிந்தவர். கைதிகளுள் சிலரைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார். டிலனாயின் பொறுப்பில் முதலில் சில வீரர்களை விட்டார். அவர்கள் ஐரோப்பிய முறையில் அணிவகுத்து நிற்கவும், துப்பாக்கி சுடவும் கற்றார்கள். பயன் கண்கூடாகத் தெரிந்ததும் படை முழுவதையும் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. நாளடைவில் அவரே படைத்தலைவர் ஆனார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். பெரிய கேப்டன் என்பது அதன் பொருள்.

புலியூர்க்குறிச்சியில் முன்பே இருந்த உதயகிரிக் கோட்டையை 1741-க்கும் 1744-க்கும் இடையில் அவர் மேற்பார்வையில் கல்லால் திருத்திக் கட்டினார்கள். பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அங்கே அமைந்தது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள அக்கோட்டையை ஊரார் அவர் பெயராலேயே ‘தில்லனாய்க் கோட்டை’ என்று வழங்கினர். குமரிக்கு அருகில் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டையும் அவர் காலத்தில் வலுப்பெற்றது. வடக்கே காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகள் திருவிதாங்கூரின் கீழ் வந்த போர்களில் எல்லாம் அவருடைய படை முன்னே நின்றது. 1753-ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் டச்சுக்காரர் மார்த்தாண்ட வர்மாவோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். தாம் கைதியாகப் பிடிபட்ட போரின் கணக்கு அவ்வாறு முடிவுக்கு வந்ததை டிலனாய் வென்ற பக்கத்தில் நின்று பார்த்தார்.

அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் இராம வர்மா மகாராஜா காலத்திலும் அவரே படைத்தலைவர். வடக்கெல்லையில் கடற்கரைக்கும் மலைக்கும் இடையே ஏறக்குறைய 30 மைல் நீளத்தில் எழுந்த நெடுங்கோட்டை அரண் அவர் திட்டமிட்டது. 1789-ஆம் ஆண்டு டிசம்பரில் திப்பு சுல்தான் அந்த அரணைத் தாக்கியபோது முதல் தாக்குதலில் பின்வாங்க நேர்ந்தது. டிலனாய் கண்மூடி அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தனைக்கும் நடுவே அவர் தம் வேதத்தை விடவில்லை. இந்து மன்னரின் கோட்டைக்குள்ளேயே அவருக்கென ஒரு சிற்றாலயம் எழுந்தது. டச்சுக் கம்பெனியின் ஊழியத்தில் கிடைக்காத அந்த உரிமை திருவிதாங்கூர் அரசரின் ஊழியத்தில் கிடைத்தது. கண்டி அரசர் யோசேப் வாஸ் அடிகளாருக்குச் செய்த உதவி போன்றதே இதுவும். நம் நாட்டு அரசர்கள் பலர் பிற சமயத்தவரை மதித்து நடத்தினார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மார்கரீத்தா என்னும் பெண்ணை அவர் மணந்தார். யோவான் என்றொரு மகன் பிறந்தான். பிறந்த நாட்டுக்குத் திரும்பாமல், மலையும் வயலும் சூழ்ந்த அந்தக் கோட்டையையே அவர் வீடாக்கிக்கொண்டார்.

யோபுவின் கதை

உதயகிரிக் கோட்டை வேலைகளின்போது அரண்மனை ஊழியர் ஒருவர் டிலனாயோடு நெருங்கிப் பழகினார். அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர். பார்கவி அம்மாளை மணந்தவர். அவருடைய குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. மாடுகள் மடிந்தன, பயிர் அழிந்தது, பொருள் கரைந்தது. முகம் வாடியிருந்த நண்பரை டிலனாய் விசாரித்தார். செல்வமும் மக்களும் உடல்நலமும் இழந்தும் கடவுளைப் பழிக்காத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். கோட்டாறு, வடக்கன்குளம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது.

ஒரு போர்வீரர் மற்றோர் அரசு ஊழியருக்கு, வேலைக்கு நடுவே, ஆறுதலாகச் சொன்ன கதை அது. அதில் பிரசங்க மேடை இல்லை. மதவாதம் இல்லை. துன்பப்பட்ட நண்பருக்குத் தம்மிடம் இருந்த நல்லதை எடுத்துக்கொடுத்தார், அவ்வளவே. நீலகண்டர் மேலும் கேட்டார். ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, டிலனாய் அவரை வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த அந்தக் குருவானவர் நீலகண்டரைச் சோதித்தறிந்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசரு என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் ‘தேவசகாயம்’ என்று பெயரிட்டார். பார்கவி அம்மாளும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

பிறகு நடந்தவற்றை நம் மக்கள் அறிவர். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் தேவசகாயம் எல்லாரோடும் உண்டு பழகியது அரண்மனையில் இருந்த பலருக்குப் பொறுக்கவில்லை. 1749 பிப்ரவரியில் அவரைச் சிறைப்பிடித்தனர். எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தால் வருந்தி முழங்கையால் இடிக்க, நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறை, டிலனாயின் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. கடைசியாக 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. ஞானப்பூ அம்மாள் தம் ஊரை விட்டு வடக்கன்குளத்தில் எஞ்சிய நாட்களைக் கழித்தார். 1756-ஆம் ஆண்டிலேயே கொச்சி மேற்றிராணியார் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் தேவசகாயத்தின் மரணத்தைக் குறிப்பிட்டார். 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயரை நீக்கி, தேவசகாயம் என்ற பெயரையே திருச்சபை கைக்கொண்டது.

மனத்தை உறுத்தும் கேள்வி

தேவசகாயத்தைச் சிறையிட்டு, மூன்று ஆண்டுகள் வதைத்து, முடிவில் கொன்றவர்கள் மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரிகளும் படைவீரர்களும். அப்படைக்குத் துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி கொடுத்தவர் டிலனாய். தம் வாயால் யோபுவின் கதை கேட்டு வேதத்துக்கு வந்த நண்பர், தாம் பயிற்றிய படையின் குண்டுக்கு இரையானார். அந்த நாளில் டிலனாயின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவர் ஏன் மன்னரோடு முறித்துக்கொண்டு வெளியேறவில்லை என்று கேட்பது எளிது. அவருடைய நிலையைச் சற்றே நினைக்க வேண்டும். அவர் போர்க்கைதியாக வந்தவர். உயிரும் பதவியும் மன்னரின் கொடை. அரசு ஊழியருள் ஒருவர் அந்நிய சமயத்தைத் தழுவியதே அரண்மனையில் பகையைக் கிளப்பியிருந்தது. தேவசகாயத்தின் மேல் இராஜத்துரோகக் குற்றச்சாட்டும் எழுந்திருந்தது. அந்நிலையில் அந்நியராகிய கப்பித்தான் வாளெடுத்திருந்தால், அங்கிருந்த கிறிஸ்தவர் அனைவரும் அந்நியருக்கு உளவாளிகள் என்ற பழி உறுதியாகியிருக்கும். இது அவருக்காக நாம் கூறும் சமாதானம். அவர் தம் கைப்பட எழுதிய சமாதானம் ஏதும் நம் முன் இல்லை. நாம் அறிந்தது இவ்வளவே: நண்பர் இறந்த பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அதே அரசுக்கு ஊழியம் செய்தார், அதே கோட்டைச் சிற்றாலயத்தில் செபித்தார், கத்தோலிக்கராகவே இறந்தார்.

சாட்சி பலவகை. உயிரைக் கொடுத்தார் தேவசகாயம். அந்த உயிருக்குள் முதல் விதையை இட்டுவிட்டு, பிறகு செய்வதறியாமல் நின்று, ஆயினும் விசுவாசத்தைக் கைவிடாமல் வாழ்நாளைக் கழித்தார் டிலனாய். முதல்வரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. இரண்டாமவரைப் போன்றவர்களே நம்மில் பெரும்பாலோர். அரசு அலுவலகத்திலும், காவல் துறையிலும், படையிலும், ஆலையிலும், பிறருக்குக் கீழே வேலைசெய்யும் நம்மவர்கள், மனச்சான்றுக்கும் மேலதிகாரியின் ஆணைக்கும் நடுவில் சிக்கித் தவிக்கும் தருணங்கள் எத்தனை! அப்போது டிலனாயின் கதை நினைவுக்கு வர வேண்டும். அவரைப் புகழ்வதற்காகவோ பழிப்பதற்காகவோ அல்ல, நம்மை நாமே சோதித்துப் பார்ப்பதற்காக.

களக்காட்டில் வீழ்ந்த மகன்

டிலனாயின் மகன் யோவான், தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற காலத்தையொட்டிப் பிறந்தவர். கோட்டையில் வளர்ந்து, தந்தையின் வழியில் படையில் சேர்ந்தார்.

களக்காடு இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஊர். நீர்வளமும் நெல்வளமும் உடைய அப்பகுதி தனக்கே உரியது என்றது திருவிதாங்கூர். தனது என்றார் ஆர்க்காட்டு நவாபு. இவ்வழக்கு பல முறை போராக வெடித்தது. 1765-ஆம் ஆண்டு களக்காட்டில் நடந்த போரில் யோவான் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு இருபது வயதளவே. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில் திருவிதாங்கூர் களக்காட்டின் மேல் கொண்டாடிய உரிமையை விட்டுக்கொடுத்தது. மகன் எந்த மண்ணுக்காக உயிர் கொடுத்தானோ அந்த மண் எதிரிக்கே போயிற்று.

இதில் நம் சீமைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த நவாபு முகம்மது அலிதான் நம் தொண்டைமானின் நெருங்கிய நண்பர். திருச்சியில் நவாபைக் காக்கப் போன தொண்டைமானின் சேவகர்களும், அதே நவாபின் படையை எதிர்த்துக் களக்காட்டில் நின்ற திருவிதாங்கூர்ச் சேவகர்களும் தமிழர்களே. அரசர்களின் நட்பும் பகையும் மாறி மாறி வந்தன. அதற்கு விலை கொடுத்தவர்கள் இரண்டு பக்கத்துத் தாய்மார்கள்.

பத்மநாபபுரத்திலிருந்து நெல்லைச் சீமைக்குப் போகும் வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். தேவசகாயம் கடைசியாக முழந்தாளிட்ட மலை அந்த வழியின் ஓரத்தில்தான் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் முன்னர் நண்பரை இழந்த டிலனாய், இப்போது மகனையும் இழந்தார். யோபுவின் கதையை நண்பருக்குச் சொன்னவர், அந்தக் கதையின் பாரத்தைத் தாமே சுமக்க வேண்டியதாயிற்று. மகனைக் கோட்டைச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்தார்.

இரு மொழிக் கல்லறை

1777-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் டிலனாய் உதயகிரியில் காலமானார். வயது அறுபத்திரண்டு என்று கல்லறை கூறுகிறது. திருவிதாங்கூரின் படைத்தலைவராக ஏறக்குறைய 37 ஆண்டுகள் உண்மையோடு மன்னருக்கு ஊழியம் செய்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அவருக்கு அடிப்படுத்தினார் என்றும் அக்கல்லில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் இலத்தீனில் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. மனைவி மார்கரீத்தாவும் மகன் யோவானும் அவர் அருகிலேயே அடக்கம் பெற்றுள்ளனர்.

ஆராஸ் நகரில் பிறந்தவருடைய சாவுச் செய்தியைத் தமிழில் வெட்டி வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இலத்தீன் திருச்சபையின் மொழி. வந்துபோகும் குருக்களுக்கும் ஐரோப்பியருக்கும் உரியது. தமிழ் யாருக்காக? அவரோடு வாழ்ந்த வீரர்களுக்காக, கல் உடைத்தவர்களுக்காக, பீரங்கி வார்த்தவர்களுக்காக, அவர்களுடைய பிள்ளைகளுக்காக. அவர்கள் தங்கள் கப்பித்தானின் கல்லறையைப் படிக்க வேண்டும் என்று யாரோ விரும்பினார்கள். முப்பத்தாறு ஆண்டுகளில் அந்த அந்நியர் அந்த ஊர்க்காரராகிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்று அந்தச் சிற்றாலயத்துக்குக் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கோட்டையை வனத்துறையினர் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். மானையும் மயிலையும் காட்டப் பிள்ளைகளை அழைத்துவருபவர்கள், மரங்களுக்கிடையே அக்கல்லறைகளையும் பார்த்துச் செல்கிறார்கள். முட்டிடிச்சான் பாறைக்கும், கோட்டாற்றுக்கும், காற்றாடிமலைக்கும் திருயாத்திரை போகும் நம் பங்கு மக்கள் வழியில் உதயகிரியிலும் சற்று இறங்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். புனிதரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், அவருக்கு முதன்முதலாக இயேசுவை அறிவித்தவருக்கும், அவர் மனைவி மகனுக்கும் ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி வருவது தகும்.

நம் குடும்பங்களின் சரித்திரம்

டிலனாய் குடும்பத்தைப் பற்றி நாம் இவ்வளவு எழுத முடிந்ததற்கு என்ன காரணம்? அரசரின் பதிவேடுகள் அவருடைய போர்களைச் சொல்கின்றன. டச்சு ஆவணங்கள் அவர் எந்நிலையில் வந்தார் என்பதைச் சொல்கின்றன. ஆனால் அவர் யாருக்குக் கணவர், யாருக்குத் தந்தை, யாருக்கு நண்பர் என்பதைச் சொல்பவை கல்லறையும், குருக்களின் கடிதமும், ஊராரின் வாய்மொழியுமே. சாவு, ஞானஸ்நானம், கலியாணம் என்று திருச்சபை குறித்து வைப்பவற்றில்தான் மனிதன் மனிதனாகத் தெரிகிறான்.

நம் பங்கிலும் படைக்குப் போனவர்கள் உண்டு. முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் கடல் கடந்து சென்ற தமிழர் ஆயிரக்கணக்கானோர். சுதந்திர இந்தியாவின் இராணுவத்தில் சேர்ந்து 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கண்டவர்களும் நம் மாவட்டத்து ஊர்களில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய பதக்கமும், மங்கிய புகைப்படமும், பென்ஷன் புத்தகமும் கிடக்கின்றன. தாத்தா எங்கே போனார், எப்போது வந்தார், அவர் இல்லாத நாட்களில் பாட்டி எப்படிப் பிள்ளைகளை வளர்த்தார் என்பதைச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால், பதக்கம் வெறும் பித்தளை.

ஆகவே, இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மூன்று தலைமுறைப் பெயர்களையாவது எழுதி வையுங்கள். யார் எங்கிருந்து வந்தார், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றார், ஞானத்தாய் தந்தையர் யார், எங்கே அடக்கம் ஆனார் என்று குறியுங்கள். ஐயம் இருந்தால் பங்குக் குருவிடம் கேட்டுக் கோயில் புத்தகங்களில் சரிபாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் எழுத்து அழிந்துவரும் கற்களைப் பார்த்தால், அழியும் முன்னே படித்து எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைத் திருநாளில் பூப்போடுவதோடு இந்த வேலையையும் இளைஞர் மன்றத்தார் ஏற்றால் சிறப்பு.

புதுக்கோட்டை மாவட்டம் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் உருவானது. புனித தேவசகாயம் உயிர்நீத்ததும் ஒரு ஜனவரி 14. நாம் ஆண்டுதோறும் பொங்கலிடும் அந்நாட்களில் அந்தப் புனிதரையும், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்ன போர்வீரரையும், களக்காட்டில் மாண்ட இளைஞரையும், உதயகிரியில் துயிலும் மார்கரீத்தாவையும் வடக்கன்குளத்தில் காத்திருந்து மறைந்த ஞானப்பூவையும் செபத்தில் நினைப்போமாக. நம் வீடுகளிலும் துன்பப்படும் அயலாருக்கு ஆறுதல் சொல்லும் நாவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.